ஒற்றைப் பெடலில் கார் ஓட்டுவது: புதிதாக மின்காருக்கு மாறுகிறவர்களுக்கு

பெட்ரோல் காரில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தன் பாட்டுக்கு உருண்டுகொண்டிருக்கும். மின்காரில் அதையே செய்தால் உடம்பு லேசாக முன்னால் சாய்கிறது, வேகம் மளமளவென்று இறங்குகிறது, சில மாடல்களில் வண்டி நின்றே விடுகிறது. ஆக்சிலரேட்டர் ஒன்றாலேயே வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும்தான் ஒற்றைப் பெடல் முறை. சோதனை ஓட்டத்துக்கு வந்தவர் "என்ன இது, நான் பிரேக்கைத் தொடவே இல்லையே!" என்று பக்கத்தில் இருக்கும் விற்பனையாளரைப் பார்ப்பார். அவர் சிரித்துக்கொண்டே "பழகிடும் அண்ணே" என்பார். பழகிவிடும், உண்மைதான். ஆனால் எதைப் பழக வேண்டும், எதை நம்பியிருக்கக் கூடாது என்று தெரிந்து பழகினால் சீக்கிரம் பழகும். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குக் குமட்டலும் வராது.

சிங்கப்பூரில் இந்தக் கேள்வி இப்போது பல வீடுகளில் எழுகிறது. 2024ல் இங்கே புதிதாகப் பதிவான கார்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மின்கார். 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார் எதுவாக இருந்தாலும் தூய எரிசக்தியில் ஓட வேண்டும். பெட்ரோலும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட்டும் அதில் அடங்கும். சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) முடிந்து பழைய பெட்ரோல் காரைக் கொடுத்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிப்பவர்களில் பலர் இருபது, முப்பது ஆண்டுகளாக ஒரே விதமாக ஓட்டிய கால்களோடு மின்காரில் ஏறுகிறார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது

மோட்டாரும் ஜெனரேட்டரும் அடிப்படையில் ஒரே கருவி. மின்சாரம் கொடுத்தால் சுழலும். சுழற்றினால் மின்சாரம் கொடுக்கும். 1831ல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இதற்கு வேர். ஊரில் சைக்கிள் மிதித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இருட்டியதும் டைனமோவைச் சக்கரத்தோடு சாய்த்துவிட்டால் விளக்கு எரியும், கூடவே மிதிப்பது கனக்கும். விளக்குக்குப் போகிற மின்சாரம் உங்கள் காலிலிருந்து வருகிறது, அதனால்தான் அந்தக் கனம்.

மின்காரில் நீங்கள் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தியதும் நடப்பது இதுதான். சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றுகின்றன, மோட்டார் மின்சாரம் தயாரிக்கிறது, இன்வெர்ட்டர் அதை நேர்மின்னோட்டமாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புகிறது, தயாரிக்கும்போது உண்டாகும் எதிர்ப்பு வண்டியின் வேகத்தைக் குறைக்கிறது. இதைத்தான் மீட்பு பிரேக் என்கிறார்கள். ஓட்டுநர்கள் வாயில் ரீஜென். சாதாரண பிரேக்கில் இந்த ஆற்றல் முழுவதும் டிஸ்க்கும் பேடும் உரசி வெப்பமாகிக் காற்றோடு போய்விடும்.

இது கார்களுக்கென்று வந்த புதுமை இல்லை. மின்ரயில்கள் பல நெடுங்காலமாக இப்படித்தான் வேகத்தைக் குறைக்கின்றன. ரயில் விஷயத்தில் ஒரு வசதி உண்டு: அங்கே மீட்ட மின்சாரத்தைச் சேர்த்து வைக்க பேட்டரி தேவையில்லை, அதே தடத்தில் அந்த நேரம் கிளம்பிக்கொண்டிருக்கும் இன்னொரு ரயில் அதை வாங்கிக்கொள்ளலாம். கார்களில் 1997ல் வந்த டொயோட்டா பிரியஸ் இதைப் பரவலாக்கியது. காலை எடுத்தாலே வண்டி நிற்கும் அளவுக்கு ரீஜெனை வலுவாக்கி, அதை ஓட்டும் முறையாகவே ஆக்கியதில் 2013ல் வந்த பிஎம்டபிள்யூ ஐ3க்கும், 2017ல் 'இ-பெடல்' என்று பெயரிட்டே விற்ற நிசான் லீஃபுக்கும் பெரிய பங்கு உண்டு.

எவ்வளவு திரும்பக் கிடைக்கிறது

இந்த இடத்தில் விளம்பரங்கள் கொஞ்சம் அதிகமாகவே பேசுகின்றன. நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும்போது அதனிடம் இருக்கும் இயக்க ஆற்றல் ஏறக்குறைய 0.05 யூனிட், அதாவது 0.05 கிலோவாட் மணி. நிற்கும்போது அதை மீட்கிறோம். பேட்டரிக்குள் போய்த் திரும்பச் சக்கரத்துக்கு வருவதற்குள் வழியில் கொஞ்சம் சேதாரமாகிவிடும். மூன்றில் இரண்டு பங்கு தேறும் என்று வைத்துக்கொண்டால் கையில் நிற்பது 0.03 யூனிட். நூறு கிலோமீட்டருக்கு 15 யூனிட் குடிக்கும் காருக்கு இது சுமார் 200 மீட்டர் தூரம். ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் 200 மீட்டர் திரும்பக் கிடைக்கிறது. சிராங்கூன் ரோட்டில் தீபாவளி நெரிசலில் நின்று நின்று போகிறவருக்கு இது நல்ல கூட்டல்.

வேகம் கூடினால் ஆற்றல் அதன் இருமடியில் கூடும். அதனால் 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் மீட்பது மூன்று மடங்குக்கும் மேல். ஆனால் விரைவுச்சாலையில் யார் அடிக்கடி நிற்கிறார்கள்? தீவு விரைவுச்சாலையில் ஒரே சீராகப் போகிறவருக்கு ரீஜென் கிட்டத்தட்ட வேலையே செய்வதில்லை. அங்கே ஆற்றலைத் தின்பது காற்றின் தடை, அது திரும்பி வராது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரீஜென் என்பது இழக்கவிருந்ததில் ஒரு பங்கைக் காப்பாற்றுவது மட்டுமே. முன்னால் விளக்கு சிவப்பாக இருப்பதைத் தூரத்திலேயே பார்த்து, வண்டியைத் தானாக உருளவிட்டு மெல்லச் சேர்வதுதான் எப்போதும் சிக்கனம். வேகமாகப் போய் ரீஜென் போட்டு நிற்பவர் அவரைவிடக் குறைவாகவே சேமிப்பார்.

அடுத்தது பலருக்குத் தெரியாத விஷயம். இன்றைய மின்கார்களில் பெரும்பாலானவற்றில் பிரேக் பெடலை மெதுவாக மிதித்தாலும் முதலில் வேலை செய்வது ரீஜென்தான். அழுத்தம் கூடினால்தான் உராய்வு பிரேக் சேர்ந்துகொள்ளும். ஆக, ஒற்றைப் பெடல் முறையை அணைத்துவிட்டு பழையபடி இரண்டு பெடலில் பதமாக ஓட்டினாலும் மீட்பு நடந்துகொண்டுதான் இருக்கும். டெஸ்லா இதில் வேறு வழி: அதில் மீட்பு முக்கியமாக ஆக்சிலரேட்டரைத் தளர்த்துவதில் இருக்கிறது, பிரேக் பெடல் உராய்வு பிரேக்குக்கு. மற்றபடி பெரும்பாலான கார்களில் மின்சாரம் மிச்சமாகும் என்பதற்காக மட்டும் பிடிக்காத முறையைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. நெரிசலில் கால் இங்கும் அங்கும் தாவாத சுகம் வேண்டுமானால் மாறுங்கள். மலேசியாவுக்குப் போகும் உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் பள்ளி விடுமுறைக்கு முந்தின வெள்ளிக்கிழமை மாலை ஊர்ந்திருக்கிறவர்களுக்கு அந்தச் சுகத்தின் விலை தெரியும்.

உங்கள் காரில் எந்த வகை

எல்லா மின்காரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. டெஸ்லாவில் 'ஹோல்ட்' முறையில் காலை எடுத்தால் வண்டி முழுதாக நின்று, நின்ற இடத்தில் பிடித்துக்கொள்ளும். ஹூண்டாய், கியா மாடல்களில் ஸ்டியரிங்கின் பின்னால் இருக்கும் இரண்டு சிறு விசைகளால் ரீஜெனின் அளவைக் கூட்டிக் குறைக்கலாம். உச்சத்தில் வைத்தால் அதுவும் முழுதாக நிறுத்தும். நம் சாலைகளில் அதிகம் தென்படும் பிஒய்டி அட்டோ 3ல் இரண்டு நிலைகள் உண்டு, ஆனால் அதிகமானதில் வைத்தாலும் கடைசியில் வண்டி ஊர்ந்துகொண்டுதான் இருக்கும், நிறுத்த பிரேக்கை மிதித்தாக வேண்டும். கையேட்டில் இந்தப் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள். நண்பர் காரில் ஓட்டிப் பார்த்த அனுபவத்தை உங்கள் காருக்குக் கொண்டுவராதீர்கள்.

கால் பழகுவது

பழைய பழக்கத்தில் ஆக்சிலரேட்டருக்கு இரண்டே நிலைதான்: மிதிப்பது, விடுவது. விட்ட பிறகு கால் காற்றில் இருக்கும், அல்லது பிரேக்குக்குப் போகும். ஒற்றைப் பெடலில் விடுவதும் ஒரு செயல். பெடல் மேலே எழும் தூரத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பலன் உண்டு. நன்றாக அமுக்கிய நிலையில் மோட்டார் வண்டியைத் தள்ளுகிறது. காலை முக்கால்வாசி எடுத்த நிலையில் பின்னுக்கு இழுக்கிறது. நடுவில் ஒரு மெல்லிய இடம் இருக்கிறது, அங்கே தள்ளலும் இல்லை இழுத்தலும் இல்லை, வண்டி சும்மா உருள்கிறது. முதலில் கண்டுபிடிக்க வேண்டியது அந்த இடத்தைத்தான். அது வேகத்துக்கு ஏற்ப மேலும் கீழும் நகரும் என்பதால் காலால் மட்டும் தேடினால் எரிச்சல் வரும். டாஷ்போர்டில் மின்சாரம் போவதையும் வருவதையும் காட்டும் மீட்டர் இருக்குமே, அதன் முள் சுழியத்தில் நிற்கிற மாதிரி பெடலைப் பிடித்துப் பாருங்கள். கால் அந்த அழுத்தத்தை நினைவில் வைத்துக்கொள்ளும்.

பழகுவதற்கு ஞாயிற்றுக்கிழமை காலை துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் போகலாம். லாரிகள் ஓய்ந்திருக்கும், சாலைகள் அகலம். லிம் சூ காங் சாலையும் நேராக, நீளமாக, அமைதியாக இருக்கும். (சிங்கப்பூர் ஆகாயப்படை விமானங்கள் பயிற்சிக்காக இறங்கிய சாலை அது, கார் பழகுவதற்கு என்ன குறை.) பின்னால் வண்டி இல்லாதபோது 40, 50 கிலோமீட்டரில் போய், முன்னால் ஒரு விளக்குக் கம்பத்தைக் குறிவைத்து, அதன் அருகே வரும்போது நடக்கும் வேகத்துக்கு வந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கைத் தொடக் கூடாது. முதலில் கம்பத்துக்கு வெகுமுன்பே வேகம் விழுந்துவிடும், திரும்ப மிதித்துப் போக வேண்டியிருக்கும். எல்லோருக்கும் இப்படித்தான் ஆகிறது, காரணம் காலைச் சட்டென்று எடுப்பது. கட்டைவிரலை மெல்லத் தளர்த்தி, முடிவில் மட்டும் முழுதாக விட்டுப் பாருங்கள். குதிகாலைத் தரையில் ஊன்றி வைத்திருப்பது அவசியம். குதிகால் மிதந்தால் பெடலில் நுணுக்கம் வராது.

ரீஜென் அளவை மாற்ற முடிகிற காரில் குறைந்த நிலையில் தொடங்குவது நல்லது. அது சலிப்பாகத் தோன்றத் தொடங்கியதும் ஒரு படி ஏற்றலாம். முதல் நாளே உச்சத்தில் வைத்துவிட்டு "இது எனக்குச் சரிப்படாது" என்று நிரந்தரமாக அணைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள், அது அவசர முடிவு. குறைந்த நிலையிலேயே கடைசிவரை ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒரு தப்பும் இல்லை.

பின்னிருக்கையில் யார் இருக்கிறார் என்பதையும் பாருங்கள். ஓட்டுகிறவருக்கு வண்டி எப்போது இழுக்கும் என்று முன்கூட்டியே தெரியும். கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும், கண்ணை மூடிச் சாய்ந்திருக்கும் பாட்டிக்கும் தெரியாது. மிதித்து விட்டு, மிதித்து விட்டு ஓட்டினால் வண்டி முன்னும் பின்னும் ஆடும், பத்து நிமிடத்தில் "தம்பி, கொஞ்சம் ஓரமா நிறுத்துப்பா" என்று குரல் வரும். தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் பயணி ஏறியதும் ரீஜெனைக் குறைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

விரைவுச்சாலையில் இன்னும் கவனம் வேண்டும். 90 கிலோமீட்டரில் போகும்போது பழைய ஞாபகத்தில் காலை முழுதாக எடுத்தால், பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிறவர் எதிர்பாராத நேரத்தில் நீங்கள் பிரேக் போட்டதற்குச் சமம். பிரேக் விளக்கு எரியுமா? ஐநா வாகன விதி 13-ஹெச் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆக்சிலரேட்டரை விடுவதால் உண்டாகும் ரீஜென், நொடிக்கு மணிக்கு 2.5 கிலோமீட்டர் என்ற அளவுக்குள் வேகத்தைக் குறைத்தால் விளக்கு எரியக் கூடாது; ஏறக்குறைய 4.7 கிலோமீட்டரைத் தாண்டினால் எரிந்தே ஆக வேண்டும். நடுவில் தயாரிப்பாளர் விருப்பம். சில மாடல்களில் காலை முழுதாக எடுத்தால்தான் விளக்கு எரிகிறது, கொஞ்சம் மிதித்தபடி வேகமாகக் குறைத்தால் எரிவதில்லை என்ற விமர்சனம் முன்பு எழுந்ததுண்டு. உங்கள் கார் எப்படி என்று அறிய ஓர் எளிய வழி: இரவில் உங்கள் பின்னால் நண்பர் ஒருவரை வரச்சொல்லி, விளக்கு எப்போது எரிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

சரிவுகளில் மட்டும் எனக்கு ஒற்றைப் பெடலைப் பற்றிக் குறையே கிடையாது. மரீனா கடலோர விரைவுச்சாலையின் சுரங்கத்துக்குள் இறங்கும்போது 80 கிலோமீட்டர் வரம்பைத் தாண்டாமல் வேகத்தைக் காலின் சின்ன அசைவிலேயே பிடித்து வைக்கலாம்.

கைவிடும் நேரங்கள்

பேட்டரி நிறைந்திருந்தால் ரீஜென் இருக்காது, அல்லது மிகக் குறைவாக இருக்கும். நிரம்பிய பேட்டரிக்குள் மேலும் மின்சாரத்தைத் தள்ள முடியாது, அவ்வளவுதான். சிங்கப்பூரில் இது ஒரு குறிப்பிட்ட இடத்தில் தலைகாட்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பலமாடிக் கார் நிறுத்துமிடத்தில் இரவு முழுவதும் மின்னூட்டி, காலையில் 100 விழுக்காட்டோடு கிளம்புகிறீர்கள். எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால் அவ்வப்போது 100 வரை ஏற்றச் சொல்லித் தயாரிப்பாளர்களே அறிவுறுத்துவார்கள். நேற்று வரை காலை எடுத்ததும் பிடித்த வண்டி இன்று சரிவுப்பாதையில் உருண்டு இறங்குகிறது, அடுத்த வளைவில் சுவர். சில கார்கள் இந்த நேரத்தில் உராய்வு பிரேக்கைத் தாமே சேர்த்து, காலுக்கு வித்தியாசம் தெரியாமல் பார்த்துக்கொள்ளும். எல்லாக் கார்களும் அப்படி இல்லை. முழு மின்னூட்டோடு கிளம்பும் காலையில் கால் பிரேக்கின் மேல் இருக்கட்டும்.

இதன் பெரிய வடிவம் மலேசியாவின் கெந்திங். அந்த மலைத்தலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1,800 கிலோ கார் ஆயிரம் மீட்டர் இறங்கினால் விடுபடும் ஆற்றல் ஏறக்குறைய 5 யூனிட். காற்றும் டயரும் தின்றது போக நல்ல பங்கு பேட்டரிக்கு வரும், இறங்கி முடிக்கும்போது பேட்டரி விழுக்காடு ஏறியிருப்பதைப் பார்ப்பது ஒரு தனி சந்தோஷம். ஆனால் மேலே ஓட்டலில் 100 வரை ஏற்றிவிட்டு இறங்கினால் அந்தச் சந்தோஷமும் இல்லை, பிரேக் டிஸ்க்குகளும் பாவம். மலையேறி மின்னூட்டுகிறவர்கள் 80, 85ல் நிறுத்திக்கொள்ளுங்கள்.

அவசர பிரேக்கைப் பற்றிப் பேசும்போது எண்களைப் பார்த்துவிடுவது நல்லது. வலுவான ரீஜென் வண்டியின் வேகத்தை நொடிக்கு மணிக்கு 7 கிலோமீட்டர் அளவில் குறைக்கும். 50 கிலோமீட்டரிலிருந்து நிற்க ஏழு நொடியும் ஏறக்குறைய 50 மீட்டரும் ஆகும். உலர்ந்த சாலையில் பிரேக்கை அழுத்தி மிதித்தால் அதே வண்டி 12 மீட்டரில் நிற்கும். பேருந்துக்குப் பின்னாலிருந்து யாராவது சாலையில் இறங்கிவிட்டால் காலை எடுப்பது போதாது, மிதிக்க வேண்டும். மாதக்கணக்கில் பிரேக்கையே தேடாத கால் அந்த நொடியில் தயங்கும், அதுதான் பயம். அதனால் ஒற்றைப் பெடலில் ஓட்டினாலும் பள்ளிப் பகுதி, முதியோர் அதிகம் கடக்கும் இடம், சந்துகளின் முனை இங்கெல்லாம் காலைப் பிரேக்குக்கு நகர்த்தி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

வண்டியை நிறுத்துமிடத்தில் போடும்போதும் இதே எச்சரிக்கை. ஊர்ந்து போகும் இயல்பு இல்லாத காரில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆக்சிலரேட்டரை மிதிக்க வேண்டியிருக்கும். பின்பக்கமாகப் போகும்போது சக்கரம் சின்ன மேட்டில் முட்டினால் இன்னும் கொஞ்சம் மிதிக்கத் தோன்றும், மேட்டைத் தாண்டியதும் வண்டி தாவும். மின்மோட்டாரின் இழுவிசை உடனே வரக்கூடியது. ஊரும் நிலை உங்கள் காரில் இருந்தால் நிறுத்தும்போது மட்டும் அதைப் போட்டுக்கொண்டு, பிரேக்கால் கட்டுப்படுத்துவது எனக்குச் சரியாகப் படுகிறது.

அடைமழையில் ரீஜெனைக் குறைத்து வையுங்கள். பின்சக்கரத்தில் மட்டும் மோட்டார் உள்ள காரில் வலுவான ரீஜென் பின்சக்கரங்களை மட்டும் பிடித்து இழுக்கிறது. வழுக்கினால் கார் தானாக ரீஜெனை விட்டுவிடும். அப்போது ஒரு கணம் வண்டி முன்னால் பாய்வது போலத் தோன்றும், பதற வேண்டாம், பிரேக்கை மிதித்தால் போதும்.

வீட்டில் ஒருவர் மின்காரும் இன்னொருவர் பெட்ரோல் காரும் வைத்திருந்தால், அல்லது நீங்கள் வாடகைக்கு மாற்றி மாற்றி எடுப்பவராக இருந்தால், ஆபத்து எதிர்ப்பக்கம் இருக்கிறது. மின்காரில் பழகிய கால் பெட்ரோல் காரில் முன்வண்டிக்குப் பின்னால் சும்மா விட்டுவிட்டுக் காத்திருக்கும், வண்டி உருண்டுகொண்டே போகும். ஏறியதும் முதல் நூறு மீட்டருக்குள் வேண்டுமென்றே ஒருமுறை பிரேக்கை மிதித்துப் பாருங்கள். எந்தக் காரில் இருக்கிறோம் என்று காலுக்கு நினைவூட்ட அது போதும்.

கடைசியாக, பிரேக்கின் ஆரோக்கியம். ரீஜென் வேலையைப் பார்த்துக்கொள்வதால் மின்காரின் பேடுகள் நீண்ட நாள் உழைக்கும். ஆனால் உரசாத டிஸ்க்கில் துரு ஏறும், நம் ஊர் ஈரக்காற்றில் சீக்கிரமே ஏறும். ஃபோக்ஸ்வேகன் ஐடி.3, ஐடி.4 கார்களின் பின்சக்கரத்துக்கு டிஸ்க்கை விட்டு மூடிய டிரம் பிரேக் வைத்திருப்பது பலருக்குப் பழைய காலத்துக்குத் திரும்பியதாகத் தோன்றுகிறது. குறைவாக உழைக்கும் பிரேக்குக்கு மூடி இருப்பது நல்லதுதான். டிஸ்க் உள்ள கார் வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை, பின்னால் யாரும் இல்லாத சாலையில், ரீஜெனைக் குறைத்துவிட்டு நான்கைந்து முறை பிரேக்கை அழுத்தி மிதித்தால் துரு உதிர்ந்துவிடும். சில கார்களில் கியரை நியூட்ரலில் போட்டு மிதித்தால்தான் உராய்வு பிரேக் தனியாக வேலை செய்யும். அதை எப்படிச் செய்வது என்று கையேடு சொல்லும். பிரேக் திரவமும் ஈரத்தை உறிஞ்சும், ஓடினாலும் ஓடாவிட்டாலும் சொன்ன காலத்தில் மாற்ற வேண்டும். இங்கே மூன்று முதல் பத்து வயது வரையிலான கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயப் பரிசோதனை உண்டு, அதில் பிரேக்கையும் சோதிப்பார்கள். பேடு தேயவில்லை என்ற ஒரே காரணத்துக்காக பிரேக்கைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு அன்றைக்குத்தான் பின்சக்கர டிஸ்க்கின் நிறம் தெரியவரும்.